பாலைநிலக் குடியிருப்பும் தலப்படமும்: குல்தாராவை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பகுதியின் மேடுபள்ளம், நீர்நிலை, குடியிருப்பு, பாதை, ஊர்ப்பெயர் ஆகியவற்றை உரிய அளவையில் ஒரே தாளில் காட்டுவது தலப்படம். மழை குன்றிய தார்ப் பாலையின் சிற்றூர்களை இப்படம் எவ்வாறு காட்டுகிறது, எவற்றைக் காட்டாமல் விடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இராஜஸ்தான் மாநிலம் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் குல்தாரா என்னும் ஊர் சான்றாகக் கொள்ளப்பட்டுள்ளது. பாலைநில ஊரின் உண்மையான பரப்பு, வீடுகள் நின்ற மனைப்பகுதியோடு முடிவதில்லை. அவ்வூருக்கு நீர் வந்து சேரும் நிலம் முழுவதும் அதனுள் அடங்கும். இந்நிலத்தை வரையாத படம், அதனைத் தரிசாகப் பதிவு செய்யவும் வழிவகுக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: தலப்படம், தார்ப் பாலை, குல்தாரா, கடீன், சம உயரக்கோடு, நீர்ப்பிடிப்பு நிலம், ஓரண், தரிசு

முன்னுரை

ஜெய்சல்மேர், பரப்பளவில் இராஜஸ்தானின் மிகப் பெரிய மாவட்டம். 38,401 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வாழ்ந்தோர் ஏறத்தாழ 6,70,000 பேர். சதுர கிலோமீட்டருக்குப் 17 பேர். ஆண்டுச் சராசரி மழையளவு 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அம்மழையும் சில நாள்களில் பெய்து முடிந்துவிடும். சில ஆண்டுகளில் பொய்த்தும் போகும்.

இத்தகைய நிலத்தில் ஊர் அமைவதற்கு முதற்காரணம் நீரே. ஆற்றங்கரை நாகரிகங்களைப் பற்றிப் பேசுவோர்க்கு இது பழகிய கூற்றாகத் தோன்றலாம். ஆனால் ஆறு ஓடும் நாட்டில் நீர் ஊரைத் தேடி வருகிறது. தாரில் ஊர்தான் நீரைத் தேடித் திரட்டிக்கொள்ள வேண்டும். திரட்டுவதற்குப் பரந்த நிலம் தேவை. பத்து வீடுகள் உள்ள ஒரு டாணிக்கு, அதாவது தாரின் சிறு குடியிருப்புக்குக்கூட, வீடுகளைப் போலப் பல மடங்கு பரப்புள்ள வெற்று நிலம் சுற்றிலும் இருந்தாக வேண்டும். அந்நிலம் வரைபடத்தில் எவ்வாறு இடம்பெறுகிறது என்பதே இங்கு எழும் வினா.

தாளும் அளவையும்

1767இல் தோற்றுவிக்கப்பட்ட இந்திய நில அளவைத் துறையின் தலப்படங்களுள் ஆய்வாளர்கள் மிகுதியாகப் பயன்படுத்துவன 1:50,000 அளவையில் அமைந்த தாள்களாகும். இவற்றின் எண்முறை எளியது. நாற்பாகைச் சதுரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அது ஏ முதல் பி வரையிலான பதினாறு ஒருபாகைச் சதுரங்களாகப் பிரியும். அவை ஒவ்வொன்றும் பதினைந்து கலை அளவுள்ள பதினாறு தாள்களாகப் பிரியும். 26 பாகை 55 கலை வட அகலாங்கும் 70 பாகை 54 கலை கிழக்கு நெட்டாங்கும் சந்திக்கும் இடத்தில் உள்ள ஜெய்சல்மேர் நகரம், இம்முறைப்படி 40 ஜே/13 என்னும் தாளுக்குள் அமைகிறது.

இத்தாள்களின் அடித்தளமான அளவீட்டு வலை தமிழகத்தில் தொடங்கியது. வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு சென்னையின் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோணவியல் அளவீட்டைத் தொடங்கினார். தெற்கு வடக்காக வளர்ந்த அவ்வலையிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிரோஞ்சிலிருந்து மேற்கே கராச்சி வரை ஒரு முக்கோணத் தொடர் தாரின் ஊடாகக் கொண்டுசெல்லப்பட்டது. பாலையில் ஓர் இடத்தின் அமைவிடத்தை உறுதியாகச் சொல்ல முடிந்தமைக்கு இவ்வலையே காரணம். ஆனால் அமைவிடத்தை அறிவது ஒன்று. அவ்விடத்தில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை வரைவது வேறொன்று.

1:50,000 அளவையில் படத்தின் ஒரு மில்லிமீட்டர் நிலத்தின் 50 மீட்டருக்குச் சமம். பத்து மீட்டர் அகல வீடு படத்தில் 0.2 மில்லிமீட்டர், மூன்று மீட்டர் அகல மண்கரை 0.06 மில்லிமீட்டர். வரையும் கோட்டின் பருமனைவிடச் சிறிய பொருளை உண்மை அளவில் காட்ட இயலாது. எனவே குறியீடு தேவைப்படுகிறது. எதற்குக் குறியீடு உண்டு, எதற்கு இல்லை என்பதைப் படத்தின் குறிவிளக்கப் பட்டியல் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

குல்தாராவின் மனைத்திட்டம்

ஜெய்சல்மேர் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குல்தாரா. பாலிவால் அந்தணர்கள் 13ஆம் நூற்றாண்டளவில் குடியேறி வாழ்ந்த ஊர் இது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. அலிகார் வரலாற்றறிஞர் சையத் அலி நதீம் ரெசாவி 1990களில் வெளியிட்ட ஆய்வு இவ்வூரின் திட்டத்தைத் தெளிவாக அறியத் தருகிறது.

மனைப்பகுதி வடக்கு தெற்காக 861 மீட்டர் நீளமும் 261 மீட்டர் அகலமும் கொண்ட நீள்சதுரம். நீளவாக்கில் மூன்று தெருக்கள். அவற்றைக் குறுக்காக வெட்டும் பல சந்துகள். நடுவே அம்மன் கோயில். வடக்கிலும் தெற்கிலும் மதிலின் எச்சங்கள் உள்ளன. மேற்கே வீடுகளின் பின்சுவர்களே அரணாக அமைந்தன. கிழக்கே காக்னி என்னும் சிற்றாற்றின் வறண்ட படுகை. இடிபாடுகளாக எண்ணப்பட்ட கட்டடங்கள் 410.

இவ்வளவும் துல்லியமான செய்திகள். தலப்படத் தாளில் இம்மனைப்பகுதி 17 மில்லிமீட்டர் நீளமும் 5 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பட்டையாகச் சுருங்கும். குறிவிளக்கப் பட்டியலில் ஊர்களுக்குக் குடியுள்ளது, பாழடைந்தது என்னும் இரு வகைகள் உள்ளன. குல்தாரா பாழடைந்த ஊர் என்னும் குறியீட்டைப் பெறும். குறியீட்டைப் பொறுத்தவரை ஊரைப் பற்றிய செய்தி அவ்வளவோடு முடிந்துவிடுகிறது.

மனைக்கு வெளியே உள்ள ஊர்

குல்தாராவைச் சோறிட்டு வளர்த்தது அந்த நீள்சதுரத்துக்குத் தெற்கே இருந்தது. அங்கே 2.5 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு கடீன் இருந்ததாக ஆய்வுகள் குறிக்கின்றன. கரீன் என்றும் இச்சொல் ஒலிக்கப்படும்.

கடீன் என்பது பாலிவால்களோடு சேர்த்துப் பேசப்படும் வேளாண்முறை. பாறையும் சரளையும் பரந்த மேட்டுநிலத்தில் விழும் மழை, உள்ளே இறங்க வழியின்றிச் சரிவில் ஓடிவரும். சரிவு முடிந்து மண் திரளும் தாழ்விடத்தில் அதனை மறித்து ஒரு நீண்ட மண்கரை எழுப்பப்படும். மிகுநீர் வெளியேறக் கலிங்கும், எஞ்சிய நீரை வடிக்க மதகும் அக்கரையில் அமையும். மழைக்காலத்தில் கரைக்குள் நீர் தேங்கி ஏரிபோல் நிற்கும். நீர் மண்ணுக்குள் இறங்கிய பின், கரைக்கு உட்பட்ட அதே நிலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கப்படும். மேல்மழையின்றி, மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டே பயிர் விளையும். வெள்ளம் கொண்டுவந்து படிவிக்கும் வண்டல் ஆண்டுதோறும் நிலத்துக்கு உரமாகிறது. தேங்கிய நீர் உப்பைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்கிறது.

தமிழக ஏரிப் பாசனத்தோடு ஒப்பிட்டால் கடீனின் தனித்தன்மை விளங்கும். ஏரியில் நீர் கரைக்கு மேற்புறம் தங்கும். வயல் கரைக்குக் கீழ்ப்புறம் இருக்கும். நீர் நிற்கும் இடம் வேறு, பயிர் விளையும் இடம் வேறு. கடீனில் இரண்டும் ஒன்றே. ஆவணியில் நீர்நிலை, தையில் வயல். தமிழகத்தில் ஏரியின் உள்வாயில் பயிரிடுவது பெரும்பாலும் ஆக்கிரமிப்பாகக் கருதப்படும். தாரில் அதுவே முறைமை.

குல்தாராவின் மனைப்பகுதி ஏறத்தாழ 0.22 சதுர கிலோமீட்டர். தெற்கே இருந்த கடீனின் நீள அகலங்களைப் பெருக்கினால் 5 சதுர கிலோமீட்டர் வரும். மனைப்பகுதியைப் போல் இருபது மடங்குக்கும் மேல். அக்கடீனுக்கு நீர் தந்த நிலம் இன்னும் பரந்தது. ஜெய்சல்மேர்ப் பகுதிக் கடீன்களில் நீர்ப்பிடிப்பு நிலம் விளைநிலத்தைப் போல் பன்னிரண்டு முதல் பதினைந்து மடங்கு இருப்பது வழக்கமெனக் கூறுவர். ஆற்றுவெள்ளத்தையும் திருப்பிக்கொண்ட குல்தாராவுக்கு அவ்விகிதத்தை அப்படியே பொருத்துவது முறையன்று. ஆயினும் ஊரின் மொத்தப் பரப்பில் வீடுகள் நின்ற இடம் மிகச் சிறு பகுதியே என்பதில் ஐயமில்லை.

சம உயரக்கோடுகளுக்கு இடையில்

தலப்படம் மேடுபள்ளத்தைச் சம உயரக்கோடுகளால் காட்டும். 1:50,000 தாள்களில் கோட்டுக்குக் கோடு உயர வேறுபாடு பொதுவாக 20 மீட்டர். மலைநாட்டுக்கு இது போதுமானது. கடீன் அமையும் நிலத்துக்கு இது பெரிய இடைவெளி. கரையின் உயரம் ஓரிரண்டு மீட்டர். நூற்றுக்கு ஒன்று என்னும் மென்சரிவில் 20 மீட்டர் இறங்க 2 கிலோமீட்டர் தொலைவு வேண்டும். ஆகவே ஒரு கடீன் முழுவதும், கரை, கலிங்கு, வயல் அனைத்தோடும், அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு நடுவே அடங்கிவிடும். படத்தைப் பார்ப்பவர்க்கு அங்கே ஒன்றும் தெரியாது. கோடில்லாத வெண்பரப்பு சமநிலம் என்றே படிக்கப்படும்.

மணற்பகுதிக்குப் படம் இதனினும் கூடுதலாகக் கவனம் செலுத்துகிறது. நிலைத்த மணல்மேடு, இடம்பெயரும் மணற்குன்று ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. சுற்றுநிலத்திலிருந்து குன்று எழும் உயரத்தை எண்ணோடு ஆர் என்னும் எழுத்தைச் சேர்த்துக் குறிக்கும் வழக்கமும் உண்டு. கடல்மட்ட உயரம் மட்டும் போதாது, சார்பு உயரமும் தேவை என்பதை நில அளவைத் துறை ஏற்றுக்கொண்டிருப்பதற்கு இது சான்று. அத்தகைய எண் கடீன் கரைகளுக்கும் தரப்பட்டிருந்தால் பாலைநில வேளாண்மையின் வரலாற்றைத் தாள்களிலிருந்தே பெருமளவு எழுத இயலும்.

நிலமும் பொழுதும்

நீர்க் குறியீடுகள் தனியே ஆராயத்தக்கவை. இந்தியத் தலப்படங்களில் ஆண்டு முழுவதும் நீருள்ள ஆறும் குளமும் நீல நிறம் பெறும். மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் படுகையும் வறண்ட குளமும் கருப்புக் கோட்டால் வரையப்படும். கிணறுகள் கட்டப்பட்டவை, கட்டப்படாதவை என இருவகைப்படும்.

வற்றாதது, வறண்டது என்னும் இவ்விருமை, ஈரமிக்க நாட்டின் அனுபவத்தில் உருவானது. தாரின் நீரறிவு வேறு வகையில் பகுத்தது. அனுபம் மிஸ்ரா 1995இல் வெளிவந்த ‘ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்’ என்னும் இந்தி நூலில் அதனை விளக்குகிறார். மழையாக விழுந்து மேற்பரப்பில் ஓடித் தேங்கும் நீர் பாலர்; ஆழத்தில் உள்ள நிலத்தடி நீர் பாதாள நீர்; இவ்விரண்டுக்கும் இடையே, மணலில் இறங்கி, அடியிலுள்ள ஜிப்சப் படிவம் தடுத்ததால் ஆழத்து உவர்நீரோடு கலவாமல் ஈரமாகத் தங்கும் நீர் ரேஜாணி. ரேஜாணி நீரைக் கசியச் செய்து எடுப்பதற்கே பேரி, குயீன் எனப்படும் குறுகிய வாயுள்ள கிணறுகள் தோண்டப்பட்டன. கடீன் நிலத்துக்குள் பேரி தோண்டும் வழக்கமும் உண்டு. மண்ணில் இறங்கிய நீர் பயிருக்கும் குடிக்கவும் பயன்பட்டது.

இம்மூன்றனுள் தலப்படம் முதலாவதை ஓரளவும் இரண்டாவதைக் கிணற்றுக் குறியீட்டாலும் காட்டும். மூன்றாவதைக் காட்ட வழியில்லை. கடீனுக்கும் இதே இடர்ப்பாடு. அளவையாளர் கோடையில் வந்தால் அது வெற்றுநிலம். மழைக்காலத்தில் வந்தால் நீர்நிலை. பனிக்காலத்தில் வந்தால் வயல். மூன்றும் உண்மை, ஒன்றுதான் தாளில் ஏறும்.

தமிழ்ப் பொருளிலக்கணம் இவ்விடத்தில் ஒரு தெளிவைத் தருகிறது. தொல்காப்பியம் முதற்பொருளை நிலம், பொழுது என்னும் இரண்டின் இயல்பாகக் கொள்கிறது. பாலைக்குத் தனிநிலம் வகுக்காமல், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு மாறி அடையும் நிலையாக அதனைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. இக்கருத்து தாரைப் பற்றி எழுந்ததன்று. தாரின் நிலையான வறட்சி தமிழிலக்கியம் அறிந்த பாலையினும் வேறானது. ஆயினும் நிலத்தைப் பொழுதோடு சேர்த்தே அறிய வேண்டும் என்னும் இலக்கணப் பார்வை, தலப்படத்தின் குறையைச் சுட்டுவதற்குப் பொருத்தமான கருவியாகிறது. தலப்படம் நிலத்தை வரைகிறது, பொழுதை வரைவதில்லை. பாலையில் பொழுது நீங்கினால் நிலத்தின் பயனும் படத்திலிருந்து நீங்கிவிடுகிறது.

பெயர்கள் தரும் சான்று

குறியீடு தவறவிட்டதைச் சில இடங்களில் பெயர் காப்பாற்றுகிறது. கள அளவீட்டின்போது ஊர், குளம், மேடு ஆகியவற்றின் பெயர்களைத் திரட்டிச் சரிபார்ப்பது தலப்படப் பணியின் ஒரு பகுதி. தாரின் இடப்பெயர்களில் சர், தலாய், டோபா, பேரி போன்ற நீர்ச்சொற்கள் மிகுதி. ஜெய்சல்மேர் நகரின் கடீசர், குல்தாராவின் உதன்சர் ஆகியவற்றில் உள்ள சர் என்பது நீர்நிலையைக் குறிக்கும். குளம் தூர்ந்து மறைந்த பின்னும் அதன் பெயர் தாளில் நிற்கலாம்.

ஊர்ப்பெயரைக் கொண்டு நிலவரலாற்றைத் தேடும் முறை தமிழாய்வுக்குப் புதிதன்று. ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ 1946இல் வெளிவந்தது முதல் ஏரி, குளம், ஊருணி என முடியும் பெயர்கள் பலவாறு ஆராயப்பட்டுள்ளன. தாருக்கும் இம்முறை பொருந்தும். ஒரு தடையையும் கருத வேண்டும். மார்வாடி ஒலிகள் ஆங்கில எழுத்தில் ஏறும்போது மயங்குகின்றன. நாவளை ஒலியாகிய ட வகை எழுத்து ஆர் என்றும் டி என்றும் மாறி எழுதப்படுவதால் ஒரே சொல் இரு வேறு சொற்கள்போல் தோன்றும். கடீன், கரீன் என்னும் வேறுபாடே இதற்குச் சான்று. தேவநாகரி வடிவத்தை ஒப்பிடாமல் ஆங்கிலத் தாளை மட்டும் கொண்டு பெயராய்வு செய்வது பிழைக்கு இடந்தரும்.

கைவிடப்பட்டமைக்கான காரணமும் உயர அளவீடும்

குல்தாரா ஏன் கைவிடப்பட்டது என்னும் வினாவுக்கு மூன்று விடைகள் சொல்லப்படுகின்றன. ஜெய்சல்மேர் அரசின் திவானாக இருந்த சாலிம் சிங்கின் கொடுமைக்கு அஞ்சி, பாலிவால்கள் தங்கள் 84 ஊர்களையும் ஒரே இரவில் நீங்கினர் என்பது மக்கள் வழக்கு. நீர் வற்றியதால் ஊர் மெல்லத் தேய்ந்தது என்பது இரண்டாவது. 1815 அளவில் கிணறுகளில் பெரும்பாலானவை வற்றிவிட்டன என்றும், 1850 அளவில் படிக்கிணறு ஒன்றும் ஆழ்கிணறுகள் இரண்டுமே பயன்பாட்டில் இருந்தன என்றும் குறிக்கப்படும் செய்திகள் இதற்கு அரண் செய்கின்றன. நிலநடுக்கம் ஊரைச் சிதைத்தது என்பது மூன்றாவது. 2017இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, கட்டடங்கள் சரிந்து கிடக்கும் முறையிலிருந்து இக்கருத்தை முன்வைத்தது.

இவற்றுள் பின்னைய இரண்டும் அளவீட்டால் சோதிக்கத்தக்கவை. நிலநடுக்கம் காரணமெனில் சுவர்கள் விழுந்த திசையில் ஓர் ஒழுங்கு தென்பட வேண்டும். பராமரிப்பின்றி உதிர்ந்த சுவர் சரிவுக்கும் காற்றுக்கும் ஏற்பப் பலவாறு விழும். இதனை முடிவுசெய்ய ஒவ்வொரு சுவரின் கிடையும் சாய்வும் வரையப்பட்ட நுண்ணளவுப் படம் தேவை. நீர்வற்றல் காரணமெனில் கிணற்று வாய்களின் உயரம், நீர் நின்ற ஆழம், காக்னிப் படுகையின் உயரம், கடீன் கரையின் மேல்மட்டம் ஆகியவற்றை ஒரே உயரத் தொகுப்பில் வைத்து ஒப்பிட வேண்டும். படுகை அரித்து ஆழமாகிக் கடீனுக்கு நீர் ஏறுவது நின்றதா, வண்டல் படிந்து கடீன் தரை உயர்ந்ததா, கரை உடைந்ததா என்பவை மீட்டர், அரைமீட்டர் அளவிலான வினாக்கள். இருபது மீட்டர் இடைவெளிக் கோடுகளால் இவற்றுக்கு விடை காண இயலாது. கதை நிலைபெறுவதற்கு, அதனை மறுக்கவோ உறுதிசெய்யவோ போதிய படம் இல்லாமையும் ஒரு காரணம் எனலாம்.

புதிய கருவிகளும் பழைய எல்லையும்

செயற்கைக்கோள் உயரத் தரவு இக்குறையைப் போக்கிவிடும் எனக் கருதுவோர் உளர். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் திரட்டப்பட்ட உயரத் தரவும், 2005 மே 5 அன்று ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 தந்த இரட்டைக்காட்சிப் படங்களிலிருந்து உருவாக்கப்பட்ட தரவும் இன்று எளிதில் கிடைக்கின்றன. நீர் வடியும் பெருந்திசையை அறிய இவை உதவும். ஆனால் பொதுவில் கிடைக்கும் இத்தரவுகளின் புள்ளி இடைவெளி 30 மீட்டர் அளவினது. உயரப் பிழை பல மீட்டர் வரை செல்லும். இரண்டு மீட்டர் உயரமும் சில மீட்டர் அகலமும் உள்ள மண்கரை அதில் கரைந்துபோகும்.

தேவையான நுண்மையை ஆளில்லா வானூர்தி அளவீடு தருகிறது. இந்திய அரசு 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் இந்திய நில அளவைத் துறை சிற்றூர்களை 1:500 அளவையில் வரைகிறது. ஒரு மில்லிமீட்டர் அரை மீட்டரைக் காட்டும் இவ்வளவையில் கடீன் கரையும் கலிங்கும் தெளிவாக வரையப்படக்கூடியவை. ஆனால் திட்டத்தின் நோக்கம் வீட்டுமனைக்கு உரிமை அட்டை வழங்குவது. எனவே ஆபாதி எனப்படும் குடியிருப்புப் பகுதியே, தமிழக வருவாய் வழக்கில் நத்தம் எனப்படுவதே, அதில் அளக்கப்படுகிறது. குல்தாரா போன்ற ஓர் ஊர் உயிரோடு இருந்திருந்தால், இதன்படி அதன் 861 மீட்டர் நீள்சதுரம் சென்டிமீட்டர் நுண்மையில் வரையப்பட்டிருக்கும். அதனை வாழவைத்த தென்புறக் கடீன் படத்துக்கு வெளியே நின்றிருக்கும்.

கள ஆய்வு செய்வோர் கருத வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. செயற்கைக்கோள் வழி இடங்காணும் கருவி தருவது நீள்வட்டத் திண்மத்துக்கு மேலான உயரம். தலப்படம் தருவது சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலான உயரம். இந்தியாவில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பல பத்து மீட்டர். திருத்தம் செய்யாமல் இரண்டையும் கலந்தால் கிணற்று ஆழக் கணக்கு முழுவதும் பிழையாகும். ஒரு கடீனுக்குள் மட்டும் ஆராய்வதெனில் சார்பு உயரமே போதும். சாதாரண மட்டமானியும் அளவுகோலும் கொண்டே அதனைப் பெறலாம்.

தரிசு என்னும் வகைப்பாடு

இதுவரை கூறியது வரலாற்றாய்வுக்கு மட்டும் உரிய செய்தியன்று. வரைபடத்தில் வெண்பரப்பாக விடப்பட்டது நிலக் கணக்கில் பயனற்ற நிலமாக எழுதப்படுகிறது. இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலம், பாறைவெளி, பாலை மணற்பரப்பு ஆகியவை தரிசின் வகைகளாக இடம்பெறுகின்றன. ஜெய்சல்மேர்ப் பகுதியில் கடீனுக்கு நீர் தருவது பாறையும் சரளையும் நிறைந்த மேட்டுநிலம். அதில் புல்பூண்டு அடர்ந்து மண் தளர்ந்திருந்தால் நீர் ஓடிவராது. பயிர் விளையாமையே அந்நிலத்தின் பயன். வகைப்பாடு அதனையே குறையாக எழுதுகிறது.

இராஜஸ்தான் வருவாய்ப் பதிவேடுகளில் கைர் மும்கின் என்னும் தலைப்பின்கீழ்ப் பயிரிட இயலாத நிலங்கள் பதியப்படும். குளத்துக்கு நீர் தரும் ஆகோர், தெய்வத்தின் பெயரால் காக்கப்படும் மேய்ச்சல் காடாகிய ஓரண் ஆகியவற்றைப் பதிவேடு அவ்வப் பெயரால் குறித்த இடங்களில் ஓரளவு காப்பு உண்டு. குறிக்காத இடங்களில் அவை வெறும் அரசு நிலம். ஜெய்சல்மேரில் சூரிய மின்னாற்றல், காற்றாலைத் திட்டங்களுக்கு நிலம் ஒதுக்கப்படும்போது, பதிவாகாத ஓரண்களும் நீர்ப்பிடிப்பு நிலங்களும் அவற்றுள் அகப்படுவதை எதிர்த்து ஊர்மக்கள் போராடி வருகின்றனர். தூய மின்னாற்றலின் தேவை மறுக்கத்தக்கதன்று. எந்நிலம் வெற்றுநிலம் என்பதை எந்தப் படத்தைக் கொண்டு முடிவு செய்வது என்பதே அங்குள்ள வழக்கு.

நீதிமன்றங்கள் இதனை உணர்ந்துள்ளன. நீர்நிலைகளையும் அவற்றின் நீர்ப்பிடிப்பு நிலங்களையும் காக்குமாறு இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் 2004இல் அப்துல் ரகுமான் வழக்கில் ஆணையிட்டது. மாநிலத்தின் புனிதக் காடுகள் ஒவ்வொன்றையும் களத்திலும் செயற்கைக்கோள் வழியாகவும் விரிவாக வரைபடமாக்குமாறு உச்சநீதிமன்றம் 2024 டிசம்பர் 18 அன்று பணித்தது. வரைபடம் இங்கே உரிமையின் முன்நிபந்தனை ஆகிறது.

வரையத் தக்கன

மேற்கண்டவற்றிலிருந்து, பாலைநிலச் சிற்றூர் ஒன்றை ஆய்வுக்காக வரைவோர் மேற்கொள்ளத் தக்க நெறிகள் சிலவற்றை வகுக்கலாம்.

முதலாவது, அளவீட்டின் எல்லையை மனைப்பகுதியைக் கொண்டு வகுக்காமல் நீர்பிரி மேட்டைக் கொண்டு வகுத்தல். ஊருக்கு நீர் தரும் சரிவின் உச்சி வரை படம் நீள வேண்டும்.

இரண்டாவது, கடீன் நிலத்தில் அரை மீட்டர் இடைவெளியில் சம உயரக்கோடு வரைதல். கரை, கலிங்கு, மதகு ஆகியவற்றின் மட்டங்களை எண்ணால் குறித்தல்.

மூன்றாவது, ஒரே நிலத்தை மழைக்காலம், விதைப்புக்காலம், கோடை ஆகிய மூன்று பொழுதுகளில் வரைதல்; ஒரு தாளில் மட்டும் தருவதாயின் எப்பொழுதில் அளக்கப்பட்டது என்பதைக் குறித்தல்.

நான்காவது, கிணறுகளைப் பாதாள நீர்க்கிணறு, ரேஜாணி நீர்க்கிணறு எனப் பிரித்து, ஆழத்தையும் நீரின் சுவையையும் பதிதல்.

ஐந்தாவது, இடப்பெயர்களை மக்கள் வழங்கும் ஒலிவடிவில் திரட்டி, மேய்ப்போர் முதலியோர் துணையோடு ஓரண், ஆகோர் ஆகியவற்றின் எல்லைகளை நடந்து வரைதல். எழுதப்படாத இவ்வெல்லைகள் ஒரு மரம், ஒரு நடுகல், ஒரு பாறை எனக் களத்தில்தான் உள்ளன.

முடிவுரை

தலப்படம் அறிவியல் முறைப்படி அமைந்த சிறந்த ஆவணம் என்பதில் மறுப்பில்லை. அதன் அளவையும் கோட்டிடைவெளியும் குறியீட்டுத் தொகுதியும் பொதுத்தேவைக்காக வகுக்கப்பட்டவை. அவை பாலைநில ஊரின் மனையைக் காட்டி, அதனை வாழவைத்த நிலத்தை வெண்பரப்பாக விடுகின்றன. குல்தாராவில் 410 இடிபாடுகள் எண்ணப்பட்டுள்ளன. அவ்வூரின் நீர்நிலத்துக்கும் அதே நுண்மையில் படம் அமையும்போதுதான் ஊர் எவ்வாறு வாழ்ந்தது, ஏன் ஒழிந்தது என்னும் இரு வினாக்களையும் ஒன்றாக ஆராய முடியும். இன்று குடியுள்ள டாணிகளைப் பொறுத்தவரை இப்பணி இன்னும் விரைந்து செய்யப்பட வேண்டியது. அவற்றின் நீர்ப்பிடிப்பு நிலம் வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கப்படுவதற்கு முன்னரே அது வரைபடத்தில் ஏற வேண்டும். ஒதுக்கப்பட்ட பின் அளந்தால் அளப்பதற்குரிய சரிவும் கரையும் அங்கே இரா.